வேர்க்காத மச்சான்

என் மனைவியின் அண்ணனுக்கு வேர்க்காது. சித்திரை வெயிலில் நின்றாலும், கடலூர் ரோட்டில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனாலும், நெற்றியில் ஒரு பொட்டு ஈரம் வராது. பிறவியிலேயே அப்படி. அதை ஒரு வரம் என்று நினைப்பவர்கள் உண்டு. முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். பழகிய பிறகுதான் அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தது. வேலை என்றுதான் சொல்ல வேண்டும். நமக்கெல்லாம் உடம்பு நம்மைக் கேட்காமலே பார்த்துக்கொள்கிற ஒரு காரியத்தை, அவர் விழித்திருக்கும் நேரமெல்லாம் தன் கையால் செய்துகொண்டிருந்தார்.

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிய வருஷம், ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். மூலக்குளத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கத்தரித் தோட்டம் உண்டு. அப்பா போன பிறகு அம்மா ஒருத்தியே அதைப் பார்த்துக்கொண்டாள். நான் டவுனுக்கு வந்தேன். முதல் நாள் மத்தியானம், ஆபீஸ் அறைக்குள் ஒரு ஆள் சொட்டச் சொட்ட நனைந்த பனியனோடு நுழைந்து, தரையெல்லாம் ஈரமாக்கிவிட்டு, முதலாளியிடம் ஏதோ மெஷின் சாமான் பற்றிப் பேசிவிட்டுப் போனார். இப்படியும் ஒருவருக்கு வேர்க்குமா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். அவர் சிரித்தார். வெளியே எட்டிப் பார்க்கச் சொன்னார். அந்த ஆள் குழாயடியில் நின்று ஒரு சொம்புத் தண்ணீரைப் பனியனோடு தோளில் ஊற்றிக்கொண்டு, கிழக்கு வாசலில் கடல்காற்று வரும் இடமாகப் பார்த்து நின்றார். அவர்தான் மெஷின் மிஸ்திரி.

வயது முப்பதுக்கு மேல் இருக்காது. ஆனால் பார்த்தால் கிழவர் மாதிரி இருப்பார். தலையில் பஞ்சு ஒட்டினாற்போல் கொஞ்சம் முடி. புருவம் இருக்க வேண்டிய இடத்தில் லேசான ஒரு நிழல். வாயில் சில பற்கள்தான். அவையும் ஊசி மாதிரி கூராக இருக்கும். அதனால் சிரிப்பு வந்தால் தோள் துண்டு தானாக வாயருகே போகும். காலையில் ரொட்டியைக் காபியில் நன்றாக ஊறவைத்துச் சாப்பிடுவார். தோலோடு சேர்ந்த எல்லாமே அவருக்குக் குறையாகத்தான் வந்திருந்தது. முடி, பல், வேர்வை எல்லாம். அதை ஒருநாளும் அவர் குறையாகப் பேசி நான் கேட்டதில்லை. கறுப்பா சிவப்பா என்பது போல அது ஒரு விஷயம், அவ்வளவுதான்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பேசிக்கொண்டே இருப்பார், புறங்கை மட்டும் பின்கழுத்துக்குப் போய்த் தொட்டுவிட்டு வரும். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பெண்கள் பார்ப்பார்களே, அந்த மாதிரி. சில நேரம் தொட்டுவிட்டு ஒன்றும் செய்யமாட்டார். சில நேரம் பேச்சைப் பாதியில் விட்டுக் குழாயடிக்குப் போவார். சைக்கிள் ஹாண்டிலில் எப்போதும் ஒரு மண் கூஜா தொங்கும். டவுனில் எந்தத் தெருவில் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் நிழல் விழும் என்று அவருக்குத் தெரியும். காலையில் கிழக்கு ஓரம், மதியம் சாய்ந்தால் மேற்கு ஓரம். வெள்ளைக்காரத் தெருக்களின் உயர்ந்த மதில்களை ஒட்டியே, சுற்றுவழியாக, வேலைக்கு வந்து சேர்வார். நேர்வழியில் வந்தவர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்து பெருமூச்சு விடுவோம். அவர் பின்னால் வந்து, எங்களுக்கு முன்னால் வேலையைத் தொடங்கிவிடுவார்.

ஐஸ் வாங்க விடியற்காலையில் மீன்காரப் பெண்கள் வருவார்கள். அவர்களுக்கு மிஸ்திரியைக் கேலி செய்யாமல் பொழுது போகாது. அதில் வயதான ஒருத்தி ஒருநாள், "இத்தன ஐஸ் செய்யற, ஒரு கட்டிய எடுத்து ஒடம்புல வச்சிக்கினா இன்னா மிஸ்திரி? நாள் பூரா தண்ணி ஊத்திக்கினு கெடக்கற" என்று கேட்டாள். எனக்கும் அதே கேள்வி இருந்தது. அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். ஐஸ் பட்டால் தோல் பயந்து மூடிக்கொள்ளும், அப்புறம் உள்ளே இருக்கிற சூடு வெளியே வர வழி தெரியாமல் நிற்கும் என்றார். சாதாரணத் தண்ணீர், கொஞ்சம் காற்று, இவ்வளவு போதுமாம். சின்ன வயதில் இதெல்லாம் தெரியாமல் பட்ட பாடு கொஞ்சமில்லை என்றும் சொன்னார். உடம்பு எரிகிறதே என்று கழுநீர்த் தொட்டியில் இறங்கி உட்கார்ந்துகொள்வாராம். இப்போது சுகமாக இருக்கிறது என்று எழுந்திருக்கும்போது காலம் கடந்திருக்கும். உடம்பெல்லாம் வெடவெடத்து நடுங்குவார். நடுக்கம் போக வெயிலில் போய் நிற்பார். சுகம் தெரிந்து நிழலுக்கு வருவதற்குள் மறுபடியும் கொதிக்கத் தொடங்கிவிடும். ஒரு நாள் முழுக்க இப்படியே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக் களைத்துப்போவாராம். அவருடைய அம்மாவுக்கு அவரைத் துரத்திப் பிடிப்பதே வேலையாக இருந்திருக்கிறது.

மெஷின் அறையில் அவர் நடந்துகொண்ட விதத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. விழுப்புரத்திலிருந்து புதிதாக ஒரு ஃபிட்டர் வந்திருந்தார். நல்ல வேலைக்காரர், ஆனால் அவசரம். அழுத்தம் காட்டுகிற முள் கொஞ்சம் ஏறினால் வால்வை ஒரு சுற்றுத் திருப்புவார். முள் உடனே இறங்காது. இன்னொரு சுற்று. சற்று நேரத்தில் முள் கீழே விழுந்துவிடும். எதிர்ப்பக்கம் திருப்புவார். மெஷின் மூச்சுத் திணறுவது போல் சத்தம் போடும். மிஸ்திரி அவரைத் திட்டவில்லை. வால்வைக் கால்வாசி திருப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"திருப்பிட்டு நிக்கணும். நாம செஞ்சது அங்க போய்ச் சேரணும், சேர்ந்த சேதி முள்ளுக்குத் திரும்பி வரணும். அதுக்கு நேரமாவும். நடுவுல இன்னொரு தடவ கைய வச்சா ரெண்டும் சேர்ந்து ஒண்ணா வந்து இறங்கும்" என்றார்.

முள் மெல்ல இறங்கி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. விழுப்புரத்துக்காரரும் அன்றிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகினார். இரண்டு பேரும் அப்படி நிற்பதைப் பார்த்து, சும்மா நிற்பதற்கு இரண்டு ஆளா என்று முதலாளி கேட்டதாக ஒரு பேச்சு உண்டு.

வெயிலை அவர் சமாளித்துவிடுவார். அவர் பயந்தது ஐப்பசிக்கு. மழை வரப்போகும் முன்னால், காற்று செத்து, ஊரே ஈரத்துணியால் மூடினாற்போல் இருக்குமே, அந்த நாட்களுக்கு. ஊற்றிய தண்ணீர் உடம்பிலேயே நிற்கும், காயாது. காயாத தண்ணீர் சூட்டை எடுத்துக்கொண்டு போகாது. பதினேழு வயதில் முதலியார்பேட்டையில் ஒரு மில்லில் சேர்ந்திருக்கிறார். நூல் அறாமல் இருக்க அங்கே எப்போதும் நீராவி விட்டிருப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே தறிக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டார். காக்காவலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்களாம். கண் விழித்தபோது சுற்றி நின்று எல்லாரும் காற்றை மறைத்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகுதான் ஐஸ் கம்பெனி.

நான் சேர்ந்து இரண்டாவது வருஷம், ஒரு சாயங்காலம் என்னைக் கடற்கரைக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனார். அவருக்கு அப்பா அம்மா இல்லை. நெல்லித்தோப்பில் தங்கையோடு இருந்தார். நான் அவர் வீட்டுக்கு இரண்டு மூன்று முறை போயிருக்கிறேன். அந்தப் பெண் காபி கொண்டுவந்து வைத்திருக்கிறாள். வேறு பேச்சு இருந்ததில்லை. அன்று கடற்கரையில் காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. அவர் சுவரில் உட்கார்ந்துகொண்டு என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"எந்தங்கச்சிய உங்களுக்குக் குடுக்கலாம்னு ஒரு எண்ணம் இருக்கு தம்பி. உங்களுக்கும் இஷ்டம் இருக்குன்னு எனக்குத் தெரியும். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லியாவணும்."

அவருடைய தாய்மாமன் ஒருவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே ஒரு கோடையில் இறந்துபோயிருக்கிறார். ஜுரம் என்று சொன்னார்களாம். அது ஜுரம் இல்லை. அவருக்கும் வேர்க்காது. தன்னைப் பார்த்துவரும் டாக்டர் இதைக் கேட்டுவிட்டு, இது பெண்கள் வழியாக ஆண்பிள்ளைக்கு இறங்குகிற விஷயம் என்று விளக்கியிருக்கிறார். தங்கைக்கு ஒன்றும் இல்லை. அவளுக்குப் பிறக்கிற மகனுக்கு வரலாம், வராமலும் போகலாம்.

"யோசிச்சு சொல்லுங்க. வேணாம்னு சொன்னாலும் எனக்கு வருத்தமில்ல. காலையில நாம ரெண்டு பேரும் அதே எடத்துலதான் வேல செய்யப் போறோம்."

கல்யாணத்துக்குப் பெண் கொடுக்கிறவர்கள் மறைக்கிற காலம் அது. பெண்ணுக்கு லேசாக மாறுகண் இருந்தால்கூடச் சாயங்கால வெளிச்சத்தில்தான் காட்டுவார்கள். யாரும் கேட்காமல், கேட்கத் தெரியாத ஒன்றை, அவர் தானாகச் சொன்னார். சரி என்று மறுநாளே சொல்லிவிட்டேன். அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்குப் பெண்ணைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. மற்றது எதுவும் காதில் ஏறவில்லை. அன்று முதல் அவர் எனக்கு மச்சான். நான் அவருக்கு மாப்ள. கல்யாணத்துக்குப் பிறகு நானும் நெல்லித்தோப்பிலேயே வீடு பார்த்துக்கொண்டேன்.

தை மாதம் எங்களுக்கு மகன் பிறந்தான். அதற்குச் சில நாள் முன்னால்தான் கடலூரில் முதலாளி புதிதாகத் தொடங்கிய கிளைக்கு மெஷின் பூட்ட மச்சானை அனுப்பியிருந்தார்கள். வந்து பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிட்டார். மார்கழிக் குளிர் இன்னும் விடாத நாட்கள். பிள்ளைக்கு வேர்க்குமா என்று பார்த்துச் சொல்ல வழி இல்லை.

பங்குனி முடிவில் பிள்ளைக்கு ஜுரம் ஆரம்பித்தது. மத்தியானம் ஏறும், சாயங்காலம் இறங்கும். ஒரு டாக்டர் ஊசி போட்டார். சாயங்காலம் இறங்கியதும் ஊசி கேட்கிறது என்று நிம்மதியாக இருந்தோம். கடற்கரையில் மச்சான் சொன்னது எனக்கு நினைவுக்கே வரவில்லை. மறுநாள் மத்தியானம் மறுபடியும் ஏறியது. அம்மா மூலக்குளத்திலிருந்து வந்து தங்கியிருந்தாள். காற்று படக்கூடாது என்று கிழக்கு ஜன்னலைச் சாத்தினாள். பிள்ளைக்குக் கம்பளிக் குல்லாய் போட்டு, ஃபிளானல் துணியில் சுற்றி வைத்தாள். அவள் பிள்ளைகளையெல்லாம் அப்படித்தான் ஜுரத்திலிருந்து மீட்டிருக்கிறாள். இவன் நாளுக்கு நாள் துவண்டான். பால் குடிக்க வாய் வைத்துவிட்டு அப்படியே கண் செருகிவிடுவான்.

என் மனைவி அந்த நாட்களில் பேசுவதையே விட்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன். வாயால் சொன்னால் உறுதியாகிவிடும் என்று பயந்திருக்கிறாள். ஒரு காலையில் என்னிடம் வந்து, "அண்ணன வரச் சொல்லுங்க" என்றாள். நான் அப்படியே பஸ் ஏறினேன்.

கடலூரிலிருந்து திரும்பி வரும்போது மச்சான் என்னிடம் கேட்டதெல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள்தான். எப்போது ஏறுகிறது என்று கேட்டார். மத்தியானம் என்றேன். இறங்குவது எப்போது என்றார். கடல்காற்று வந்த பிறகு என்றேன். கை கால் சில்லென்று ஆகி நடுங்குகிறானா என்றார். இல்லை என்றேன்.

"அழறப்ப தல நனையுதா மாப்ள?"

நான் யோசித்துப் பார்த்தேன். அழுகிற பிள்ளையின் தலை எப்படி இருந்தது என்று எனக்கு நினைவு வரவில்லை. ஈரமாக இருந்ததாக ஒரு தடவைகூட நினைவு வரவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அரியாங்குப்பம் தாண்டும் வரை திரும்பவில்லை. கூஜாவிலிருந்து தண்ணீர் எடுத்துத் தன் கழுத்தை நனைத்துக்கொள்வதைக்கூட அன்று மறந்திருந்தார். நான்தான் எடுத்து நீட்டினேன்.

வீட்டுக்குள் போனபோது உச்சி வெயில். சாத்திய அறைக்குள் பிள்ளை சிவந்துபோய்க் கிடந்தான். வாய் உலர்ந்திருந்தது. மச்சான் தரையில் உட்கார்ந்து, குல்லாயைக் கழற்றி, புறங்கையைப் பிள்ளையின் பின்கழுத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு துணியையெல்லாம் அவிழ்க்கத் தொடங்கினார். ஜன்னலைத் திறக்கச் சொன்னார். ஒரு பழைய மல் வேட்டியும் தண்ணீரும் கேட்டார்.

அம்மா குறுக்கே வந்து நின்றாள். சொரத்தில் கிடக்கிற பிள்ளையைத் தண்ணீரில் நனைத்துக் கொல்லப் பார்க்கிறாரா என்று கேட்டாள். தன் உடம்பு போலவே எல்லார் உடம்பையும் நினைத்துக்கொள்கிறார் என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவளுக்குத் தெரிந்த எல்லாவற்றுக்கும் அது எதிராக இருந்தது.

"அத்த, சொரம்னா ஒடம்பே சூடு வேணும்னு கேக்கும். கை கால் சில்லுன்னு ஆவும், நடுங்கும், போத்திக்கத் தோணும். இவன் கேக்கல. வெளிய இருக்கற சூடு உள்ள ஏறிடுச்சு. எறங்கறதுக்கு வழி இல்ல. என்ன மாதிரிதான் இவனும்" என்றார் மச்சான்.

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் தன் தங்கையைப் பார்த்தார். அவள் தண்ணீர்ப் பாத்திரத்தைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். அம்மா வழிவிட்டாள்.

வேட்டியை நனைத்துப் பிழிந்து பிள்ளை மேல் ஒரு சுற்றுப் போட்டார். என்னை விசிறச் சொன்னார். துணி உலர உலர மறுபடி நனைத்தார். அவ்வப்போது தங்கையிடம் கொடுத்துப் பால் கொடுக்கச் சொன்னார். பிள்ளையின் கண்ணில் வெளிச்சம் திரும்பி வருவது கண்ணெதிரே தெரிந்தது. என் மனைவிக்கு அழுகையும் அவசரமும் சேர்ந்து வந்தது. இன்னொரு தடவை நனைக்கலாம் என்று துணியைத் தண்ணீரில் போட்டாள். அவர் அவள் கையைப் பிடித்தார்.

"நிறுத்து. இப்ப சரியா இருக்குன்னு உன் கைக்குத் தெரியறப்ப உள்ள இன்னும் எறங்கிக்கினு இருக்கும். இன்னொரு துணி போட்டா குளுரு எடுத்துடும், நடுங்குவான். நடுங்கினா மறுபடியும் சூடு ஏறும். கொஞ்சம் பொறு."

பொறுத்திருந்தோம். என் வாழ்க்கையில் அதைவிட நீண்ட காத்திருப்பு எனக்கு இல்லை. ஒரு துணியைப் போடாமல் இருப்பது, போடுவதைவிடக் கடினமான வேலை என்று அன்றுதான் தெரிந்தது. பிள்ளை நன்றாக வாய்வைத்துப் பால் குடித்தான். வெகுநாளைக்குப் பிறகு காலை உதைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை மச்சானின் டாக்டரிடம் போனோம். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் படித்துப் பட்டம் வாங்கியவர். மச்சான் அவரை 'தொக்தேர்' என்றுதான் கூப்பிடுவார். தோலை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். பல் முளைத்திராத ஈறை விரலால் தடவிப் பார்த்தார். ஆமாம் என்று தலையசைத்தார். பிறகு எனக்கும் என் மனைவிக்கும் நிதானமாக விளக்கினார். உடம்பு சூடானால் தோலும் ரத்தமும் அந்தச் சேதியை மூளைக்குக் கொண்டுபோகின்றன. மூளை வேர்வையை விடச் சொல்லி உத்தரவு போடுகிறது. வேர்வை காய்ந்து உடம்பு குளிர்ந்ததும் அந்தச் சேதியும் மூளைக்குப் போகிறது. போதும் என்று மூளை நிறுத்திவிடுகிறது. குளிர் அதிகமானால் தசையை நடுங்கவைத்துச் சூட்டைக் கிளப்புகிறது. சேதியும் உத்தரவும் இப்படி ஓயாமல் சுற்றிக்கொண்டே இருப்பதால்தான் வெளியே எவ்வளவு மாறினாலும் உள்ளே மாறாமல் இருக்கிறது. சூடு மட்டுமில்லை, ரத்தத்தில் இருக்கிற சர்க்கரை, உப்பு, தண்ணீர் எல்லாமே இந்த மாதிரிதான் என்றார். உங்கள் பிள்ளைக்கு மூளை சரியாக இருக்கிறது, சேதி சரியாகப் போகிறது, உத்தரவும் சரியாக வருகிறது. வேர்வைச் சுரப்பி இல்லாததால் அதைச் செய்து முடிக்கத்தான் அங்கே ஆள் இல்லை. அந்த ஆளாக நீங்கள் இருக்க வேண்டும். அவன் வளர்ந்தால் அவனே இருந்துகொள்வான்.

அப்படி ஒருவர் வளர்ந்து நிற்பதைத்தான் பார்க்கிறீர்களே என்று மச்சானைக் காட்டினார். மச்சான் துண்டால் வாயை மூடிக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

வெளியே வந்ததும் வாசல் மரநிழலில் நின்றுவிட்டார். தன்னை மன்னித்துக்கொள்ளும்படி எங்கள் இருவரிடமும் சொன்னார். எங்கள் வீட்டில் வந்த கேடு உங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது என்றார். என் மனைவிதான் பேசினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் குரலில் பழைய திடம் இருந்தது.

"நீ உயிரோடதான நிக்கற அண்ணா. எனக்கு அது போதும்."

அவர் கடலூர் வேலையை விட்டுவிட்டு நெல்லித்தோப்புக்கே வந்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு அடுத்த போர்ஷனை எடுத்துக்கொண்டார். கிழக்கு ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டினார். முற்றத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு நிழல் போட்டார். எங்கள் அம்மா மூலக்குளத்துத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்களோடு வந்து சேர்ந்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்வதில் அவள் எங்கள் எல்லாரையும் தாண்டிவிட்டாள். அவன் விளையாட்டுச் சத்தம் லேசாக மாறினாலே அவளுக்குத் தெரிந்துவிடும். அடுப்படியில் இருந்தபடியே, "அவனுக்குச் சிடுசிடுப்பு வந்துடுச்சு, நனை" என்பாள். மச்சான் இதைக் கேட்டு மெச்சிக்கொள்வார். தனக்குக்கூடக் கழுத்தைத் தொட்டால்தான் தெரிகிறது, அத்தைக்குக் காதிலேயே தெரிந்துவிடுகிறது என்பார். ஆனால் அவர்கள் இருவரும் நேருக்கு நேர் அதிகம் பேசிக்கொண்டதில்லை. அன்று குறுக்கே நின்றது அம்மாவின் மனதில் இருந்தது. அதை அவள் ஒருநாளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

பிள்ளைக்கு நான்காம் வயது நடக்கும்போது, ஐப்பசியில், மச்சானுக்கு ஜுரம் வந்தது. நிஜமான ஜுரம். ஊரில் நிறைய பேருக்கு வந்திருந்தது. மற்றவர்களுக்கு அது நாலு நாள் படுக்கை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஜுரத்தில் மூளையே சூட்டை ஏற்றி வைக்கும், ஜுரம் விடும்போது வேர்வையை விட்டு இறக்கிக்கொள்ளும், இவரால் இறக்க முடியாது என்றார். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இத்தனை வருஷம் தன் சூட்டைத் தானே கவனித்து வந்தவர், இப்போது நினைவு தப்பிக் கிடக்கிறார். கவனிக்கிற ஆளே இல்லை. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நிமிஷமும் பக்கத்தில் உட்கார ஆள் கிடைக்காது, வீட்டில் முடியுமா என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் அம்மா முடியும் என்று சொல்லிவிட்டாள்.

அன்றைக்குக் காற்று அசையவில்லை. துணி காயாத வானிலை. கம்பெனியிலிருந்து விழுப்புரத்து ஃபிட்டரும் மற்றவர்களும் ஐஸ் கட்டிகளை உமியில் பொதிந்து வண்டியில் கொண்டுவந்தார்கள். அவற்றை அண்டாவில் போட்டு, உடம்பில் படாமல், காற்று அதன் மேல் தடவி வரும்படி வைத்து விசிறினோம். அவரைக் கேலி செய்த மீன்காரக் கிழவி கூடையைத் தெருவிலேயே வைத்துவிட்டு வந்து ஒரு முறை விசிறினாள். ஆனால் பக்கத்தை விட்டு நகராமல் இருந்தது அம்மா. அவர் நடுங்கும்போது துணியை எடுத்துவிடுவாள். யார் சொன்னாலும் நனைக்க விடமாட்டாள். நடுக்கம் நின்று உடம்பு நெருப்பானதும் நனைப்பாள். கழுத்தைத் தொட்டுப் பார்ப்பாள். பொறுப்பாள். மறுபடி தொடுவாள். சில நேரம் அவர் தன் கையைத் தூக்கிப் பின்கழுத்துக்குக் கொண்டுபோகப் பார்ப்பார். அது பாதியில் விழுந்துவிடும். அம்மா அந்தக் கையை எடுத்துப் பாய் மேல் வைத்துவிட்டு, "நான் பாத்துக்கறேன் தம்பி" என்பாள்.

அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். எல்லாருக்கும் வேர்த்துக் கொட்டினால் ஜுரம் விட்டது என்று தெரிந்துகொள்ளலாம், இவருக்கு எதை வைத்துத் தெரிந்துகொள்வது என்று டாக்டரைக் கேட்டாள். அவரே சொன்னால்தான் உண்டு என்றார்.

மூன்றாம் நாள் பிற்பகல். வானம் இருட்டிக்கொண்டு வந்தது, மழை மட்டும் இறங்கவில்லை. அறைக்குள் மூச்சு முட்டியது. என் மனைவி மகனை முற்றத்தில் வைத்து நனைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். நனைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டே, போடாமல் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு கை விசிறிக்கொண்டிருந்தது. அவள் நெற்றியிலிருந்தும் மோவாயிலிருந்தும் வேர்வை வழிந்து ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது. துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை.

மச்சான் கண்ணைத் திறந்தார். முதலில் உத்தரத்தைப் பார்த்தார். பிறகு விசிறியை. பிறகு அம்மாவின் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்த, போய் மொகத்தத் தொடைச்சிக்கினு வாங்க" என்றார். "உங்களுக்கு இப்படி வேர்க்குது."